வாய்க்கால் கரையில் சைக்கிள்: பாலிக் புலாவா, பெனாகாவா, பாரிட் புந்தாரா?

பினாங்குத் தீவில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகப் போவது இரண்டு பக்கம்தான். ஒன்று பத்து பிரிங்கி கடற்கரைச் சாலை, இல்லாவிட்டால் மலை. முதலாவதில் கார்கள் தோளை உரசிக்கொண்டு போகும். இரண்டாவதில் மூச்சு வாங்கும். தடித்த டயர் போட்ட கிரேவல் சைக்கிள்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கிய பிறகு, "மேடு இல்லாமல், லோரி இல்லாமல், வயல் ஓரமாக மண்பாதையில் ஓட்ட எங்கே போகலாம்?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பதிலாகச் சொல்லப்படுவது மூன்று இடங்கள்: தீவின் மேற்கே பாலிக் புலாவ், பெருநிலத்தில் வடக்கே பெனாகா முதல் கோலா மூடா வரை, தெற்கே நிபோங் தெபாலைத் தாண்டிப் பேராக்கில் பாரிட் புந்தார். இந்த மூன்றில் எது என்பதில்தான் ஆள் ஆளுக்குக் குழம்புகிறார்கள்.

மூன்று இடமும் தட்டைதான். மூன்றிலும் நெல் உண்டு, கொக்கு உண்டு. படத்தில் பார்த்தால் எது எந்த ஊர் என்றுகூடச் சொல்ல முடியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டு வாசலில் இருந்து முதல் மண்பாதைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறீர்கள்? பத்து மணி வெயில் ஏறிய பிறகு அங்கிருந்து எப்படி வெளியே வருகிறீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் இடம் தானாக முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

போய்ச் சேரும் வழி. 1985-இல் திறந்த முதல் பாலத்திலும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்திலும் சைக்கிளில் போக முடியாது. போட்டி, ஓட்ட விழா நாள்கள் மட்டும் விதிவிலக்கு. தீவில் இருப்பவர் பெருநிலத்துக்குச் சைக்கிளோடு போக வேண்டுமானால் ஃபெர்ரி, இல்லையென்றால் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு பாலம். ஃபெர்ரி 2021 தொடக்கத்தில் இருந்து கார்களை ஏற்றுவதில்லை. 2023-இல் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் ஏற்றுகின்றன. சைக்கிள்காரர்களுக்கு இது நல்லதாகவே போயிற்று. முன்பு கார்களுக்கு நடுவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

தரை. வெயில் காலத்தில் வயல் வரப்புச் சாலை கல்லும் செம்மண்ணுமாக இறுகிக் கிடக்கும், நன்றாக ஓடும். மழை பெய்தால் கதை வேறு. இந்தக் கரையோர நிலமெல்லாம் ஒரு காலத்தில் கடல் ஒதுக்கிய களிமண். டயரில் ஒட்டி, பிரேக்கைச் சுற்றி அடைத்து, கடைசியில் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். செம்பனைத் தோட்டத்தில் வேறு தொல்லை: வெட்டிப் போட்ட மட்டையின் முள்.

குறுக்குப் பாலங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் வாய்க்கால் பாதைக்கு இதைவிட முக்கியமான விஷயம் கிடையாது. மலைப்பாதையில் களைத்துவிட்டால் திரும்பி இறங்கிவிடலாம். பெரிய வாய்க்காலின் கரையில் நீங்கள் எந்தப் பக்கம் ஏறினீர்களோ அந்தப் பக்கம்தான், அடுத்த பாலம் வரும்வரை. எதிர்க்கரையில் கடை தெரியும், மரத்தடி தெரியும், சாலையில் பஸ் போவதுகூடத் தெரியும். நடுவே தண்ணீர். அதனால் ஓர் இடத்தைத் தேர்வு செய்யும்போது எத்தனை கிலோமீட்டர் மண்பாதை இருக்கிறது என்று பார்க்கும் முன், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு பாலம் இருக்கிறது என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் பாருங்கள்.

நிழலும் குடிநீரும். தட்டை நிலத்தில் இறக்கம் இல்லை. இறக்கம் இல்லையென்றால் மிதிக்காமல் காற்று வாங்கும் நேரமும் இல்லை. தூரத்தை வைத்து "நாற்பது கிலோமீட்டர்தானே" என்று நினைப்பவர்களை வெயில் கவிழ்ப்பது இப்படித்தான்.

பருவம். இங்கெல்லாம் ஆண்டுக்கு இரண்டு போகம். நீர் கட்டியிருக்கும் வாரங்களில் வயல் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பச்சை ஏறிய மாதங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். அறுவடைக் காலத்தில் மட்டும் யோசித்துப் போங்கள். அறுவடை இயந்திரமும் நெல் லோரியும் ஏறி இறங்கிப் பாதையைக் குழியாக்கி வைத்திருக்கும், தூசி கண்ணைத் திறக்க விடாது. மழை பொதுவாக செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை அதிகம். ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள்.

## பாலிக் புலாவ்: அழகு நிறைய, மண்பாதை கொஞ்சம்

தீவின் நடு மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. சுங்கை பூரோங் பக்கம் வயல், அதைத் தாண்டிக் கண்டல்காடு, மீன்பிடிக் கம்பங்கள் (கிராமங்கள்). மலை கிழக்கே நின்று சூரியனை மறைப்பதால் வெயில் மற்ற இரண்டு இடங்களைவிடத் தாமதமாகத்தான் தரையில் விழும். ஏழேகால் மணிக்கு விடியும் ஊரில் இந்தச் சலுகை சின்ன விஷயம் இல்லை. வழிநெடுக வீடு, கடை, பழமரம். களைத்தால் உட்கார இடமுண்டு. ஊருக்குள் வந்தால் புளிப்பான லக்சாவும் ஜாதிக்காய்த் தண்ணியும் கிடைக்கும். ஜூன், ஜூலை என்றால் டுரியான் வேறு.

சரி, குறை என்ன? இங்கே கிரேவல் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. வயலுக்கு நடுவே போகும் பாதைகளில் பெரும்பாலானவை ஒடுக்கமான தார்ச்சாலைகள்தான். மண் வரப்பு அங்கங்கே வரும், சீக்கிரமே முடிந்துவிடும். ஒரே வட்டத்தை இரண்டு முறை சுற்றினால் மூன்றாவது முறை அலுக்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வயலோரம் படம் எடுக்க வரும் கார்கள் பாதையை அடைத்துக்கொள்ளும்.

மறைந்திருக்கும் செலவு மலைதான். தட்டையாக ஓட்ட வேண்டும் என்று கிளம்பியவர், ஜார்ஜ்டவுனில் இருந்து வந்தால் துன் சார்டோன் சாலையில் ஏறி இறங்கித்தான் அந்தத் தட்டை நிலத்துக்கு வர வேண்டும். திரும்பவும் அதே மலை. தெலுக் பஹாங் வழியாகப் போனாலும் வளைந்து வளைந்து ஏற்றம்தான். தெற்கே தெலுக் கும்பார் பக்கமாகச் சுற்றினால் ஏற்றம் குறையும், தூரம் கூடும். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவதுதான் பலரும் செய்வது. அங்கேயே வாடகைச் சைக்கிளும் கிடைக்கிறது, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே போதும்.

## பெனாகா – கோலா மூடா: ஃபெர்ரியில் இறங்கி வடக்கே

பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே திரும்பினால் பாகான் ஆஜாம், தெலுக் ஆயர் தாவார், பெனாகா, கடைசியில் கெடா எல்லையாக ஓடும் மூடா ஆறு. பெனாகா வரை சுமார் இருபது கிலோமீட்டர். முதல் பாதி ரசிக்கும்படி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்பேட்டை லோரிகள், சிக்னல்கள். விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் போகும்போது தலைக்கு மேலே சண்டை விமானம் ஒன்று கிளம்பினால் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள்.

தெலுக் ஆயர் தாவாரைத் தாண்டியதும் நிலம் மாறும். இடது பக்கம் கண்டல்காடும் சேற்றுக் கடற்கரையும், வலது பக்கம் வயல். தெலுக் ஆயர் தாவாரில் இருந்து கோலா மூடா வரையிலான இந்தச் சேற்றுவெளி, வலசை வரும் கரைப்பறவைகளுக்கு முக்கியமான இடம் என்று பறவை ஆர்வலர்கள் உலக அளவில் குறித்து வைத்திருக்கும் பகுதி. செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரை சைபீரியப் பக்கம் இருந்து வந்த உப்புக்கொத்திகளும் மூக்கன்களும் கடல் வற்றும் நேரத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும். வயலுக்குள் நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக நிற்பதையும் பார்க்கலாம். வாய்க்கால் சுவரில் இளஞ்சிவப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பது தங்க நத்தையின் முட்டை. விவசாயிக்கு அது தலைவலி, நாரைக்கு விருந்து.

பினாங்கு மாநிலம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த மூடா ஆற்றில் இருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் இங்குள்ள வாய்க்கால்களில் எல்லாக் கரையும் ஓட்டுவதற்குத் திறந்திருக்காது. நீர் எடுக்கும் இடத்தில் வேலியும் பூட்டும் இருக்கும், அங்கே உள்ளே நுழையப் பார்க்க வேண்டாம். பாசன வாய்க்கால் கரைகளும் ஆற்றோர வெள்ளத்தடுப்புக் கரைகளும் வேறு கதை. கம்பத்து ஆட்கள் மோட்டார் சைக்கிளில் போய்வரும் பாதைகள் அவை. அவர்கள் போகிற பாதையில் நீங்களும் போகலாம் என்பதுதான் இங்கே நடைமுறை. எதிரே டிராக்டர் வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள், வேலைக்குப் போகிறவருக்குத்தான் முதல் உரிமை.

இந்தப் பக்கத்தின் பெரிய பலம் பாலங்கள். வயல்கள் துண்டு துண்டாக, இடையே கம்பங்களோடு இருப்பதால் எந்த வாய்க்காலில் போனாலும் சீக்கிரம் ஒரு குறுக்குச் சாலை வந்துவிடும். கடை தூரத்தில் இருக்காது. முதன்முதலாக வருகிறவர் இருபத்தைந்து கிலோமீட்டரில் திரும்ப நினைத்தாலும் முடியும், அறுபது போக நினைத்தாலும் முடியும். கோலா மூடாவில் மீன் ஏலம் நடக்கும் சந்தையில், வாங்குகிறவர் விற்கிறவரின் காதில் ரகசியமாக விலை சொல்வார். அதைப் பார்க்க வேண்டுமானால் மதியம்வரை இருக்க வேண்டும், அதற்குள் வெயில் உங்களைப் பார்த்துவிடும். எனக்கு அது கார்ப் பயணத்துக்கு ஏற்ற இடமாகவே படுகிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே திரும்பி வருவதில். காலை பத்து, பதினொரு மணிக்குமேல் கடற்காற்று மேற்கில் இருந்து எழும்பும். தெற்கே திரும்பும்போது அது பக்கவாட்டில் தள்ளும். அந்த நேரம் பார்த்து மறுபடியும் பாகான் ஆஜாம் லோரிகள். ஏழு மணிக்கு பட்டர்வொர்த்தில் இருந்தால் பத்தரைக்குள் திரும்பிவிடலாம். அதற்கு ஏற்ற ஃபெர்ரி நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

## நிபோங் தெபால் – பாரிட் புந்தார்: நிஜமான வாய்க்கால் நாடு

படத்தில் பார்க்கும் அந்த முடிவில்லாத நேர்கோட்டு வாய்க்கால் வேண்டும் என்றால் கிரியான் ஆற்றைத் தாண்டிப் பேராக்குக்குத்தான் போக வேண்டும். புக்கிட் மேரா ஏரியைத் தேக்கி 1906-இல் முடித்த கிரியான் பாசனத் திட்டம் மலாயாவின் முதல் பெரிய நெற்பாசனத் திட்டம். நூற்றாண்டு தாண்டியும் அந்த ஏரித் தண்ணீர்தான் இருபதாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட வயலுக்குப் போகிறது. பெரிய வாய்க்காலில் இருந்து சின்ன வாய்க்கால், அதில் இருந்து வயலுக்குள் போகும் கன்னி வாய்க்கால், எல்லாம் அளவுகோல் வைத்து இழுத்தது மாதிரி. கரையோரம் மண்ணும் கல்லும் கலந்த பாதை கண்ணுக்கு எட்டிய தூரம் போகும்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம், நிபோங் தெபாலைச் சுற்றிச் செம்பனை. தமிழருக்கு இந்த மண் வெறும் சைக்கிள் பாதை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிய பகுதி இது. கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தார் வாழ்ந்த 99 கதவு மாளிகை இன்றும் பாழடைந்து நிற்கிறது. பேய்க்கதை கேட்டு உள்ளே போகிறவர்கள் உண்டு. கட்டடம் இருக்கும் நிலைக்கு வெளியே நின்று பார்ப்பதே போதும். தோட்டச் சாலைகளில் சில வாசலில் காவலர் இருப்பார். நிறுத்தி, இறங்கி, தமிழிலோ மலாயிலோ கேளுங்கள். சில நேரம் விடுவார்கள், சில நேரம் விடமாட்டார்கள். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் தென்பட்டால் நிழலும் சில சமயம் குழாயும் இருக்கும். வயல் பக்கம் அந்த வசதி கிடையாது.

கிரியான் வயலுக்குள் நுழைந்துவிட்டால் நிழலுக்கு இருப்பவை பறவைக்கூட்டுக் கட்டடங்களும் எப்போதாவது ஒரு தென்னையும்தான். பறவைக்கூட்டுக் கட்டடம் என்றால், உழவாரன் குருவிக்காக ஜன்னல் இல்லாமல் கட்டி, நாள் முழுக்கக் குருவிச் சத்தத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் நாலுமாடிச் சிமெண்டுப் பெட்டி. வயல் நடுவே கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்கு. எலி பிடிக்க விவசாயிகள் வைத்தது.

பாலங்களின் கேள்வி இங்கேதான் கடுமையாக இருக்கும். பெரிய வாய்க்காலில் தவறான கரையில் ஏறினால் கிலோமீட்டர் கணக்கில் மறுபக்கம் போக வழியில்லை. ஒரு கரை நடுவில் புதர் மண்டி நின்றுவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள், கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இன்னொன்று: ஏரியில் நீர் குறைந்த ஆண்டுகளில் நடவு தள்ளிப்போகும். பச்சை வயலைத் தேடிப் போனவர் வெடித்த சேற்றைப் பார்த்துத் திரும்ப நேரலாம்.

இதற்கு ஈடாக இங்கே ஒரு வசதி: ரயில். பட்டர்வொர்த்தில் இருந்து தெற்கே போகும் கொமுட்டர், நிபோங் தெபால், பாரிட் புந்தார், பாகான் செராய் மூன்றிலும் நிற்கும். வயல்வெளி இந்த நிலையங்களை ஒட்டியே கிடப்பதால் ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறலாம், ஒரே வழியில் திரும்ப வேண்டியதில்லை. மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. முழு சைக்கிளோடு ஏறுவதாக இருந்தால் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், விதி மாறிக்கொண்டிருக்கும். காலையில் காற்று எழும் முன்பே பாரிட் புந்தாரில் இருந்து கோலா குராவ் கடற்கரைப் பக்கம் போய்விட்டால், திரும்பும்போது கடற்காற்று முதுகில் தள்ளும். மூன்று இடங்களில் காற்றை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள முடிவது இங்கே மட்டும்தான்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பாலிக் புலாவ் | பெனாகா – கோலா மூடா | நிபோங் தெபால் – பாரிட் புந்தார் |
|---|---|---|---|
| தீவில் இருந்து போக | மலை ஏறி, அல்லது காரில் | ஃபெர்ரி, பிறகு தார்ச்சாலை | ஃபெர்ரியும் ரயிலும், அல்லது கார் |
| மண்பாதை | கொஞ்சம் | பாதிக்குப் பாதி | நிறைய |
| குறுக்குப் பாலம், வெளியேறும் வழி | எங்கும் உண்டு | அடிக்கடி | குறைவு, திட்டம் வேண்டும் |
| நிழல், கடை | நல்லது | பரவாயில்லை | தோட்டத்தில் உண்டு, வயலில் இல்லை |
| டயருக்கு எதிரி | பெரிதாக இல்லை | மழைக்களிமண் | களிமண்ணும் மட்டை முள்ளும் |
| மறைந்த செலவு | ஏற்றம், வாரயிறுதிக் கார்கள் | லோரிச் சாலை, பக்கக்காற்று | தண்ணீர்ச் சுமை, முழு நாள் |

## மூன்றுக்கும் பொதுவான எச்சரிக்கை

வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவாதீர்கள், சிராய்ப்பைக் கழுவவே கழுவாதீர்கள். வயல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருந்து வரும் எலிக்காய்ச்சல் சாதாரண நோய் இல்லை. விழுந்து அடிபட்டால் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், வயலில் விழுந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இடி இன்னொன்று. மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால், அந்த வெட்டவெளியில் உயரமாக இருப்பது நீங்கள்தான். தனி மரத்தடி ஒதுங்க ஏற்ற இடமில்லை. கட்டடமோ காரோ தேடுங்கள். மருந்து தெளிக்கும் வயலில் இருந்து காற்று அடிக்கும் பக்கத்தில் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

## அப்படியானால் யாருக்கு எது

பிள்ளைகளோடு, அல்லது நீண்ட நாளுக்குப் பிறகு சைக்கிளில் ஏறுகிறவர் என்றால் பாலிக் புலாவ். காரில் போய், இரண்டு மணி நேரம் சுற்றி, லக்சா சாப்பிட்டுத் திரும்புங்கள். கிரேவல் சைக்கிள் தேவையில்லை, சாதாரண சைக்கிள் போதும். பாயான் லெப்பாஸ், தெலுக் கும்பார் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் இதுதான் பக்கம்.

ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு, கார் இல்லாமல், பாதி நாளை மட்டும் ஒதுக்க முடிகிறவருக்குப் பெனாகாதான். என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு இதையே சொல்வேன். மூன்றில் மிக அழகானது என்பதற்காக இல்லை. வாசலில் இருந்து வாசல்வரை சைக்கிளிலேயே போய், பசியாறும் நேரம் தாண்டுவதற்குள் திரும்பிவிட முடிகிற ஒரே இடம் என்பதற்காக. மாதம் ஒருமுறை போகிற அருமையான பாதையைவிட, வாராவாரம் போக முடிகிற சுமாரான பாதை காலுக்கு நல்லது. பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்றால் அக்டோபரில் இருந்து மார்ச் வரை வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர், கூட ஒருவரேனும் இருப்பவர், நாள் முழுவதையும் கொடுக்க முடிகிறவர் என்றால் பாரிட் புந்தார். தனியாக முதல் தடவை போக இது இடம் இல்லை. கோலாலம்பூரில் இருந்து வருகிறவர்களுக்கும் இதுவே வசதி. வடக்கே வரும் இ.டி.எஸ் விரைவு ரயில்கள் சில பாரிட் புந்தாரிலேயே நிற்கும், தீவுவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. வழியில் புக்கிட் மேரா ஏரியின் மேலேயே ரயில் போகும், நாளைக்கு ஓட்டப்போகும் வாய்க்காலுக்கு அங்கிருந்துதான் தண்ணீர்.

டயர் விஷயமும் கேட்பார்கள். பாலிக் புலாவுக்கு 32 மில்லிமீட்டர் போதும், பெனாகாவுக்கு 38 இருந்தால் நிம்மதி. பாரிட் புந்தாருக்கு 40-க்குக் குறையாமல், முடிந்தால் உள்டியூப் இல்லாமல் அடைப்புத் திரவம் ஊற்றியது. செம்பனை மட்டை முள் ஏறினால் சாதாரண டியூப் தாங்காது. மழை பெய்த மறுநாள் என்றால் எந்த டயரும் உதவாது, அன்றைக்குப் பாலிக் புலாவ் தார்ச்சாலைக்குப் போங்கள்.